கைக்குக் கேட்ட சொல்

உட்கார்ந்து படித்த பாடம் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில் இல்லை. நின்று படித்தது, நடந்து படித்தது, கட்டிலிலிருந்து குதித்தபடி படித்தது எல்லாம் வரி பிசகாமல் இருக்கிறது. நான்காம் வகுப்பில் எங்கள் டீச்சர் கைகட்டி வாயில் விரல் வைக்கச் சொன்னதும் என் காதும் சேர்ந்து மூடிக்கொள்ளும். கையை அவிழ்த்துவிட்ட பிறகுதான் அவர் இவ்வளவு நேரம் பேசியது தமிழ் என்றே தெரியவரும். குடம் என்றால் என் இடுப்பு ஒரு பக்கம் சாயவேண்டும், கயிறு என்றால் உள்ளங்கை உராயவேண்டும். அப்படி இல்லாமல் எந்தச் சொல்லும் எனக்குள் இறங்காது. இந்தப் பெண்ணை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். டாக்டரெல்லாம் வேண்டாம் டீச்சர், இது இவள் அப்பாவிடமிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்துக் கூட்டிவந்தாள்.

அம்மா சொன்னது நிஜம்தான். அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அமுக்கி உருவாக்கும் மெஷினில், பிரஸ் ஆபரேட்டராக இருந்தார். அவர் வீட்டில் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் அம்மா முதலில் அவர் கையிலிருக்கும் டீ டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிடுவாள். இல்லாவிட்டால் கதை முடிவதற்குள் டீ தரைக்கு வந்துவிடும். கம்பெனியில் என்ன வேலை செய்கிறாய் என்று நான் கேட்டபோது வாயால் சொல்லவேயில்லை, விளையாட்டாகவே காட்டிவிட்டார். சாப்பாட்டுத் தட்டுதான் இரும்புத் தகடு. எடு என்றால் தட்டை எடுக்கவேண்டும், வை என்றால் பாயில் வைக்கவேண்டும், அமுக்கு என்றால் இரண்டு உள்ளங்கையாலும் தரையை அமுக்கவேண்டும். உடனே அப்பா வாயாலேயே டம் என்று மெஷின் இறங்கும் சத்தம் போடுவார். எடு, வை, அமுக்கு, டம். அடுப்பிலிருப்பது தீய்ந்து நாறும் வரைக்கும் இருவரும் இதை ஆடுவோம்.

நிஜ மெஷினில் தரைக்குப் பதில் இரண்டு பச்சைப் பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து பாரம் இறங்கும். கைகள் பட்டன்மேல் இருக்கும்போது அவை பாரத்தின் அடியில் மாட்ட வழியில்லை என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஒரு மணிக்கு இத்தனை பீஸ் வந்தாகவேண்டும் என்று இன்னொரு ஏற்பாடும் இருந்தது. இரண்டும் ஒத்துப்போகாததால் அந்த லைனில் எல்லோரும் ஒரு பட்டனை அமுக்கிச் சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டிவிட்டு, இடது கையால் மற்ற பட்டனையும் வலது கையால் தகட்டையும் பார்த்துக்கொண்டார்கள். சூப்பர்வைசருக்கு இது நன்றாகத் தெரியும். ஆடிட் நாளில் மட்டும் ரப்பரெல்லாம் காணாமல் போய்விடும்.

ஒரு நாள் தகடு கோணலாக உட்கார்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வலது கை உள்ளே போயிருந்த நேரத்தில், இடது கை பழக்க தோஷத்தில் பட்டனை அமுக்கிவிட்டது. கையை இழுத்துக்கொண்டதால் விரல்கள் துண்டாகாமல் தப்பின. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மட்டும் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். அந்தக் கட்டின்மேல் நான் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பஸ்ஸும் நான்கு கோழிகளும் வரைந்தேன். அப்பா கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, இனி மெல்ல மெல்ல அசைக்கவேண்டும் என்றார் டாக்டர். அசையவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. வலது கை அப்பாவின் தொடைமேல் யாரோ வைத்துவிட்டு எடுத்துப்போக மறந்த சாமான் மாதிரி கிடந்தது. அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், எண்ணெய் போட்டு நீவினாள், பிசைவதற்கென்று மஞ்சள் பந்து ஒன்று வாங்கிவந்தாள். பந்தை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டால் மூடியபடி இருக்கும், விட்டால் பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். அதை எடுத்துத் தருவதற்கு நான் எப்போதும் தயாராக இருந்தேன். அந்த வீட்டில் எனக்கு வேறு வேலை யாரும் தரவில்லை.

வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அம்மா துடைத்த தரையையே திரும்பத் துடைத்தாள். மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், பஸ் என்னவோ அவளைத் தேடி வந்ததுபோல. கை வரவில்லையென்றால் வேலை போய்விடும் என்று ஊரிலிருக்கும் எல்லோரிடமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓடினேன். அப்பா ஒருவர்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பேச்சும் குறைந்துபோயிற்று. கையில்லாமல் அவரால் எப்படிப் பேசமுடியும்?

அப்படி ஒரு சாயங்காலம் நான் தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படித்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். படகோட்டி ஒருவன் வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் பாடம். அவன் துடுப்பைப் பிடித்தான் என்று படித்து, நானும் காற்றில் ஒரு துடுப்பைப் பிடித்தபோது, அப்பாவின் வலது கை விரல்கள் அசைந்தன. தூங்கும் பூனையின் காது அசைவதைப்போல மிகச் சின்ன அசைவு. அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை.

நான் அதே வரியை மறுபடியும் படித்தேன். மறுபடியும் அசைந்தது. கரையைப் பார்த்தான் என்று படித்தேன், ஒன்றுமில்லை. துடுப்பை இழுத்தான் என்றதும் கட்டைவிரல் உள்ளே வந்தது. அம்மா மூன்று வாரமாக எண்ணெயும் வெந்நீருமாகச் செய்யமுடியாததைப் பாடப்புத்தகம் செய்கிறதே!

அடுத்த சில நாட்கள் என் வாழ்க்கையிலேயே நான் மிகக் கவனமாகப் படித்த நாட்கள். புத்தகத்தில் இருந்ததையும் படித்தேன், இல்லாததையும் இருப்பதுபோல் படித்தேன். படகோட்டி துணி பிழிந்தான், தேங்காய் துருவினான், பூட்டைத் திறந்தான், சப்பாத்தி மாவு பிசைந்தான். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு இவ்வளவு வேலை எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. கை செய்யும் வேலையைச் சொன்னால் விரல்கள் ஏதோ கொஞ்சம் அசைந்தன. மேகம், மீன், மாலை நேரம் என்றால் கை செத்த மாதிரி கிடந்தது. மாடிப்படி ஏறினான் என்றபோது கால் கட்டைவிரல் மடங்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னைப்போலவே அப்பாவுக்கும் சொல் காதோடு நிற்பதில்லை என்று தெரிந்ததில் அப்படி ஒரு சந்தோஷம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கை முழுக்க மூடித் திறக்கும் அளவுக்கு வலுவான ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று திட்டம் வைத்திருந்தேன். அந்தச் சொல்லைத் தேடி நான் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, பழைய ராகத்திலேயே, எடு, வை, அமுக்கு என்றேன்.

அந்தக் கை பாயிலிருந்து துள்ளி அவர் மார்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஐந்து விரலும் இறுக மூடியிருந்தன. அப்பா எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்த்து, வெளுத்திருந்தது. தண்ணீர் கேட்டார். இடது கையால் வாங்கிக் குடித்தார். சொம்பு பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. பிறகு என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

“அத மட்டும் சொல்லாத கண்ணு. வேற இன்னா வேணா படி, அப்பா கேட்டுகினு இருக்கேன். அது வாணாம்.”

சரி என்றேன். மனதாரச் சொன்ன சரிதான் அது. ஆனால் அவர் ஏன் வேண்டாம் என்றார் என்பதற்கு நானாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். காய்ச்சலுக்கு ஊசி போட வந்தால் நானும்தான் வேண்டாம் என்று அழுவேன். வலிக்கிறது என்பதால் ஊசி வேலை செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

அந்த வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து எச்.ஆர். சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பைல். அம்மா பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டு, கூல் டிரிங்ஸ் ஊற்றிக் கொடுத்தாள். நல்ல மனிதர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவின் கையைத் தன் கையில் எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். டாக்டர் ஃபிட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், நீங்களாக ஒரு தடவை மூடிக் காட்டுங்கள் என்றார். அப்பா முயன்றார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, விரல் ஒன்றுகூட அசையவில்லை.

சார் பெருமூச்சுவிட்டு பைலைத் திறந்தார். இந்தக் கையை வைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு அனுப்பமுடியாது, லாயக்கில்லை என்று எழுதிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், அம்மா உடைந்துபோனாள்.

“சார், அப்படி எழுதாதீங்க சார். இன்னும் கொஞ்ச நாளு குடுங்க, வந்துடும். வூட்ல இவரு ஒருத்தருதான் சார்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா விடவில்லை, அழுதுகொண்டே போனாள். நான் கதவோரம் நின்று காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பேனா முனை மட்டும்தான் தெரிந்தது. அது தாளைத் தொட்டுவிட்டால் அப்பாவின் வேலை போயிற்று, அம்மா இப்படியே அழுதுகொண்டிருப்பாள். இதை நிறுத்தும் வழி இந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாவுக்குச் சொன்ன சரி ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் கூடத்தின் நடுவில் போய் நின்றேன். நன்றாக, கையாலும் செய்துகாட்டிச் சொன்னேன்.

“எடு. வை. அமுக்கு.”

அப்பாவின் வலது கை தொடையிலிருந்து பறந்து மார்புக்குப் போயிற்று. முஷ்டி இறுகி, எலும்பெல்லாம் வெளுத்துத் தெரிந்தது. எச்.ஆர். சார் பேனாவை மூடினார்.

“நல்லாத்தானங்க மூடுது. கையில ஒண்ணும் இல்ல. நீங்கதான் பயந்துகிட்டு அசைக்காம வச்சிருந்திருக்கீங்க.”

அம்மா அந்த முஷ்டியைப் பிடித்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னை இழுத்து நெட்டி முறித்தாள். சார் எழுந்து, மேலே இருந்த ஒரு தாளை உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். அப்பாவை ஸ்டோர்ஸில் போடுவதற்கு லெட்டர்கூட ரெடியாகக் கொண்டுவந்திருந்தாராம். உட்கார்ந்தபடி வண்டி நம்பரைப் பார்த்து டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை, ஒரு கையே போதும். இனி அதற்குத் தேவையில்லை, திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட்டுக்கு வந்துவிடட்டும் என்றார். ஸ்டோர்ஸில் ஓ.டி. காசு கிடையாதே, நல்லவேளை, கடவுள் காப்பாற்றினார் என்றாள் அம்மா. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி. வந்தவர் போனவருக்கெல்லாம் அம்மா என் பெருமையைச் சொன்னாள். கையைக் காலை ஆட்டிப் படித்தால் படிப்பு வராது என்றாளே அந்த டீச்சர், அவளிடம் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பியவளை அக்கம்பக்கத்தார்தான் பிடித்து நிறுத்தினார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அப்போதே ஏதாவது உறைத்திருக்குமோ என்னவோ. கேசரியில் முந்திரியாகப் பொறுக்கி என் தட்டில் வைத்தார், இடது கையால்.

நான் இப்போது ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் ஒரு போன் கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். நாளெல்லாம் நின்றுகொண்டே பேசும் வேலை. என்னை உட்காரச் சொல்ல அங்கே ஆள் கிடையாது என்பதே எனக்குப் பெரிய சௌகரியம். தென்மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஸ்குரூவை எடு, திருகு என்று சொல்லும்போது நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, மேஜைமேல் இருக்கும் கைகளைத்தான் பார்ப்பேன். விரல் தானாக மடங்கினால் அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படி ஒரு நாள், சூடு, தொடாதே என்று சொன்னபோது வரிசையில் ஒரு பெண்ணின் கை விருட்டென்று மடிக்குப் போனது. மற்றவர்கள் கை அசையவேயில்லை. பிறகு கேட்டபோது புறங்கையைக் காட்டினாள். சின்ன வயதில் எண்ணெய் கொட்டிய தழும்பு. எனக்கு அதற்குமேல் பாடம் எடுக்க முடியவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவிடம் அன்றுதான் கேட்டேன். அப்போது நிஜமாகவே கை வரவில்லையா, இல்லை வரவேண்டாம் என்று விட்டுவிட்டாயா என்று. அவர் வலது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“புடிக்கணும்னு நெனப்பேன், கை கேக்காது. நீ படிச்சா கேக்கும். எனக்கே ஒண்ணும் புரியல, உன்கிட்ட இன்னான்னு சொல்றது? ஸ்டோர்ஸ்னு அந்த சார் போன்லயே சொல்லியிருந்தாரு. உங்க அம்மாவுக்கு சொல்லல. ஓ.டி. போச்சேன்னு அழுவா.”

அந்தப் பிரஸ்ஸில் அவர் அதற்குப் பிறகு ஆறு வருஷம் நின்றார், கை மெல்ல மெல்ல அவர் சொல்லையும் கேட்கப் பழகிக்கொண்டது. பட்டனில் ரப்பர் கட்டவேயில்லை. அதனால் பீஸ் குறைந்து சூப்பர்வைசரிடம் தினம் திட்டு வாங்கினார், கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் குளியலறையில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு நெடுநேரம் இருப்பார். டேங்க் காலியாகிறது என்று அம்மா கத்துவாள், எனக்கு நேரமாகிறது என்று நான் கதவை உதைப்பேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. இதையும் அன்றுதான் சொன்னார், ஏதோ பழைய வேடிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட ஒரே ஒரு சொல்லை, வந்தவர் முன்னால் எடுத்து வைத்தவள் நான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமைக் காலையில் என்னைப்போல் சந்தோஷமான பிள்ளை நாங்கள் குடியிருந்த வடக்குப்பட்டுப் பக்கத்திலேயே இருந்திருக்கமாட்டாள். அப்பாவை பஸ் ஏற்றிவிட நானும் மெயின் ரோட்டுக்குப் போனேன். பாதி வழி ஓடுவேன், திரும்பி அவரிடம் வருவேன், மறுபடி ஓடுவேன். அவர் மெதுவாகவே நடந்தார். கம்பெனி பஸ் வந்தது. அது என்றைக்கும் முழுதாக நிற்காது, உருண்டுகொண்டே ஆள் ஏற்றும். அப்பாவின் இடது கையில் சாப்பாட்டுப் பை. படியில் ஒரு காலை வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டி இடது கையைக் காலி செய்யப் பார்த்தார். அதற்குள் பஸ் வேகமெடுத்தது. அவர் உடம்பு பின்னால் சாய்ந்தது.

“புடிச்சிக்கோப்பா” என்று கத்தினேன்.

வலது கை போய்க் கம்பியைப் பிடித்தது. ஐந்து விரலும் சுற்றிப் பிடித்த நல்ல பிடி. உள்ளேயிருந்து யாரோ அவரைத் தோளைப் பிடித்து ஏற்றினார்கள். அப்பா படியில் நின்றபடி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனார். என்னை மெச்சித்தான் அப்படிப் பார்க்கிறார் என்று நினைத்து, நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக் குதித்துக்கொண்டிருந்தேன்.